கால் வைக்க இடம் இருக்கிறதா?
குழந்தையோடு சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி திறக்கும் மாதம் என்பதாலோ என்னவோ, வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சைக்கிளில் குழந்தையை ஏற்றிச் செல்வது பற்றியே. அவற்றையெல்லாம் இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

மகனுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. என்னுடையது பழைய கறுப்பு சைக்கிள். கேரியரில் தலையணையைக் கட்டி, அதில் உட்காரவைத்துப் போகிறேன். 'கம்பியில் கால் மாட்டிக்கொள்ளும்' என்று வீட்டில் தினமும் சண்டை. அவ்வளவு பயப்பட வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

வீட்டில் சொல்வதுதான் சரி. உங்கள் மாதிரி சைக்கிளில் பின்சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ் கம்பி. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். மணிக்கு 12 கிலோமீட்டர் என்று ஆற அமர மிதித்தாலும் ஒரு நொடிக்கு ஒன்றரைச் சுற்று. அதாவது ஃப்ரேமின் பின்கம்பியை நொடிக்கு 60 ஸ்போக்ஸ் கடந்துபோகிறது. அந்தப் பின்கம்பியும் ஸ்போக்ஸும் சேர்ந்து கத்தரிக்கோல்போல வேலை செய்யும். கேரியரில் உட்கார்ந்த சின்னக் குழந்தையின் குதிகால் தொங்குவது அந்தக் கத்தரியின் வாயருகில்தான்.

குழந்தை வேண்டுமென்று காலை விடுவதில்லை. தூக்கம் சொக்கினால் கால் தளரும். நாயைப் பார்த்துத் திரும்பினால் ஒரு கால் உள்ளே போகும். குதிகாலின் பின்பக்கத் தோல், கணுக்கால் எலும்பு, சில சமயம் முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்பு வரை அடிபடும். செருப்பு காப்பாற்றாது, முதலில் கழன்று விழுவதே அதுதான்.

மூன்று வேலை இருக்கிறது. மூன்றும் செய்ய வேண்டும்.

முதலில் சக்கரத்தை மூடுங்கள். தகடோ நெருக்கமான வலையோ, உங்கள் சுண்டுவிரல் நுழையாத அளவு சிறிய ஓட்டையாக இருக்கட்டும். ஆக்சில், அதாவது சக்கரத்தின் நடு அச்சு மட்டத்திலிருந்து மட்கார்டு வரை, ஃப்ரேமின் பின்கம்பிக்கு முன்னும் பின்னும், குழந்தையின் கால் எட்டும் இடம் முழுவதும் மூட வேண்டும். இரண்டு பக்கமும். சேலை சிக்காமல் இருக்கப் போடும் கார்டு ஒருபக்கம் இருந்தால் மறுபக்கத்துக் காலுக்கு யார் பொறுப்பு? தகட்டுக்கும் ஸ்போக்ஸுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டராவது விடுங்கள். இல்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போது உரசும், ஒருநாள் தகடே உள்ளே இழுபடும். கிளாம்பும் நட்டும் போட்டு இறுக்குங்கள். கட்டுக்கம்பி வேண்டாம். அதிர்வில் தளரும், அறுந்த முனை காலைக் கிழிக்கும். பிளாஸ்டிக் டேக் வெயில் பட்டுப் பட்டு நொறுங்கிவிடும்.

இரண்டாவது, காலுக்கு ஒரு படி. மூடிய சக்கரத்தின் மேல் கால் தொங்கிக்கொண்டிருந்தால் குழந்தைக்கு மரத்துப்போகும், ஆட்டிக்கொண்டே வரும். குழந்தையை உட்காரவைத்து, தொடை கிடைமட்டமாக இருக்கும்போது பாதம் எங்கே வருகிறதோ அங்கே அளவெடுத்துப் படி வையுங்கள். குதிகால் பின்னால் வழுக்காமல் ஒரு தடுப்பும், பாதத்தின் மேல் ஒரு பட்டையும் வேண்டும்.

மூன்றாவது, தலையணையைக் கழற்றிவிடுங்கள். அது நகரும், மழையில் ஊறும், முதுகுக்கு எதுவும் தராது. இரண்டரை வயதுக்கு முதுகுச் சாய்மானமும் பெல்ட்டும் உள்ள குழந்தை சீட்தான் சரி. சீட் என்ற ஒன்று இருந்தால் போதும் என்பது ஜெர்மனியின் சட்டத்தில்கூட இல்லை. அங்கே 7 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால், தனிச் சீட்டோடு, கால் ஸ்போக்ஸில் போகாதபடி சக்கர மறைப்பும் இருக்க வேண்டும். ஓட்டுகிறவருக்கும் 16 வயது ஆகியிருக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் சைக்கிளின் சீட்டுக்கு அடியில் பெரிய சுருள் ஸ்பிரிங் இருக்குமே, அதைப் பாருங்கள். பின்னால் உட்காரும் குழந்தை பிடிமானம் தேடிக் கைவிடுகிற இடம் அது. நீங்கள் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கி விரலை நசுக்கும். கெட்டியான ரெக்சினை ஸ்பிரிங்கைச் சுற்றித் தைத்து மூடிவிடுங்கள்.

ஏழு மாதக் குழந்தை. மார்பில் மாட்டிக்கொள்ளும் பையில் வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

வேண்டாம். நீங்கள் விழுந்தால் குழந்தையின் மேல் விழுவீர்கள். முதுகில் மாட்டினால் குழந்தை இன்னும் உயரத்திலிருந்து விழும். அந்த வயதில் ஹெல்மெட்டின் எடையைக் கழுத்து தாங்காது. ஹெல்மெட் இல்லாமல் ஏற்றவும் கூடாது. சீட் செய்யும் நிறுவனங்கள் 9 மாதம் என்று அச்சிட்டிருக்கும். நாங்கள் ஒரு வயது முடியட்டும் என்போம். அப்போதும் வயதைவிட முக்கியம், சாய்மானம் இல்லாமல் நிமிர்ந்து நெடுநேரம் உட்காருகிறதா என்பது. தரையில் ஹெல்மெட்டைப் போட்டு உட்காரவைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் தலை சாய்ந்தால் இன்னும் காலம் ஆகவில்லை.

முன்னால் மாட்டும் சீட் நல்லதா, பின்னால் மாட்டுவதா? எனக்கு கியர் சைக்கிள், பின்னாலும் ஷாக் அப்சார்பர் உண்டு. கடைக்காரர் எதையும் மாட்டித் தருகிறேன் என்கிறார்.
– வாசகர், புதுச்சேரி

மாட்டித் தருவார். அது நிற்குமா என்பதுதான் கேள்வி.

ஐரோப்பியத் தரமான ஈ.என். 14344 முன்சீட்டுக்கு 9 முதல் 15 கிலோ வரை, பின்சீட்டில் பெரிய வகைக்கு 9 முதல் 22 கிலோ வரை என்று பிரிக்கிறது. குழந்தையை இன்றைக்கு எடை போட்டு வாங்காதீர்கள். 13 கிலோ பிள்ளைக்கு முன்சீட் வாங்கினால் சீக்கிரமே அடுத்த சீட் தேட வேண்டியிருக்கும்.

முன்சீட்டில் குழந்தை உங்கள் இரண்டு கைகளுக்கு நடுவே இருக்கும், பேசிக்கொண்டே போகலாம், எடையும் நடுவில் விழும். ஆனால் உங்கள் முழங்கால் விரியும். முட்டி சீட்டில் இடித்தால் நேராக மிதிக்க முடியாது. கடையிலேயே உட்கார்ந்து, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். குழந்தையின் கை எங்கே நசுங்கும், கால் முன்சக்கரத்துக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று அப்போதுதான் தெரியும். ஹேண்டில்பாரிலேயே கொக்கி போட்டுத் தொங்கவிடும் கூடை சீட்டை வாங்காதீர்கள். குழந்தை அசையும்போதெல்லாம் ஹேண்டிலும் சேர்ந்து திரும்பும். நடுபாரில் சின்ன மெத்தையை மட்டும் மாட்டி, காலுக்கு ஒன்றுமில்லாமல் விடுவதும் அப்படித்தான். கால் முன்சக்கரத்தில் போனால் சைக்கிள் குப்புறக் கவிழும்.

பின்சீட்டில் இரண்டு வகை. ஒன்று, நீங்கள் உட்காரும் சீட்டுக்குக் கீழே நிற்கும் ஃப்ரேம் குழாயில் ஒரு கட்டையைக் கவ்வவைத்து, அதிலிருந்து இரண்டு வளைந்த எஃகுக் கம்பிகளில் சீட் நிற்பது. கம்பி கொஞ்சம் வளைந்துகொடுப்பதால் பள்ளத்தின் அடி அப்படியே முதுகில் ஏறாது. இந்தக் கவ்வி பெரும்பாலும் 28 முதல் 40 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள குழாயில் பிடிக்கும்; குழாய் வட்டமாக இல்லாவிட்டால் பிடிமானம் குறையும். இன்னொன்று, கேரியரின் மேல் உட்காரும் சீட். இதற்குக் கேரியரில் பொறித்திருக்கும் எடை அளவு 25 அல்லது 27 கிலோவாக இருக்க வேண்டும். குழந்தை, சீட் இரண்டின் எடையும் சேர்த்துத்தான் கணக்கு. சீட் மட்டுமே மூன்று நான்கு கிலோ வரும்.

உங்கள் சைக்கிளுக்கு இரண்டுமே ஒத்துவராது. பின்னால் ஷாக் அப்சார்பர் என்றால் ஃப்ரேமின் பின்பகுதி தனியாக ஏறி இறங்கும். ஃப்ரேமில் மாட்டிய சீட் ஒவ்வொரு பள்ளத்திலும் டயரை நோக்கி இறங்கும். அதற்கென்று விற்கும் கேரியர், உங்கள் சீட்டைத் தாங்கும் கம்பத்தை மட்டும் கவ்விக்கொண்டு நிற்கும் வகை. கீழே ஆக்சிலோடு தாங்கும் கால் கிடையாது. ஒரு பக்கமாக எடை சாய்ந்தால் அப்படியே சுழலும். டிபன் பைக்கு அது போதும், பிள்ளைக்குப் போதாது. ஷாக் இல்லாத சாதாரண சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்குவது இதைவிடச் செலவு குறைவு.

மாட்டியபிறகு ஓர் அளவு பார்க்க வேண்டும். பின்சீட்டின் பக்கவாட்டில் எடைமையத்துக்கு ஒரு குறி இருக்கும். அது பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, அல்லது அதற்கு 10 சென்டிமீட்டருக்குள் பின்னால் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் முன்சக்கரம் லேசாகிவிடும். மேம்பாலம் ஏறும்போது ஹேண்டில் உங்கள் பேச்சைக் கேட்காது.

பெண்ணுக்கு ஹெல்மெட் வாங்கினேன். இரட்டைச் சடையும் பூவுமாக இருப்பதால் உட்காரவே மாட்டேன் என்கிறது. பெரிய சைஸ் வாங்கலாமா?
– வாசகி, மதுரை

பெரிய ஹெல்மெட் விழும்போது பின்னால் நழுவி நெற்றியைத் திறந்துவிடும். புருவத்துக்கு மேலே, தலையின் பெரிய சுற்றளவை டேப்பால் அளந்து, ஹெல்மெட்டின் உள்ளே அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டர் அளவோடு பொருத்துங்கள். 'மூன்று வயசுக்கு' என்று கேட்டு வாங்காதீர்கள். நேராக வைத்தால் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் இருக்கட்டும். காதைச் சுற்றி வரும் பட்டை காதுமடலுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். ஹெல்மெட்டின் பின்புறம் இறுக்கும் திருகு இருந்தால் அதையும் இறுக்கி, பட்டையைப் போடாமலே தலையைக் குனியச் சொல்லுங்கள். ஹெல்மெட் விழாமல் நின்றால் சைஸ் சரி.

சடையைப் பொறுத்தவரை, கழுத்துக்கு அருகே தாழ்வாகப் பின்னுங்கள். உச்சியில் கொண்டை, ஹேர் பேண்ட், கிளிப் எதுவும் உள்ளே கூடாது. அடிபட்டால் கிளிப்தான் முதலில் மண்டையில் குத்தும். பூவைப் பள்ளி வாசலில் வைத்துவிடலாம். வாடாமலும் இருக்கும்.

பின்சீட்டில் உட்கார்கிற குழந்தைக்கு ஹெல்மெட்டின் பின்புறம் தட்டையாக இருக்க வேண்டும். உருண்டு நீண்டிருந்தால் சாய்மானத்தில் முட்டி, தலையை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். குழந்தை பிடுங்கிப் பிடுங்கி எறிவதற்குப் பெரும்பாலும் அடம் காரணமில்லை, இதுதான்.

இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுங்கள். அதோடு சறுக்குமரம், ஏணி என்று விளையாடப் போனால் ஹெல்மெட் கம்பிகளுக்கு நடுவே மாட்டி, தாடைப்பட்டை கழுத்தை நெரிக்கும். இதற்காகவே சிறு குழந்தைகளுக்கு, இழுத்தால் தானே திறந்துகொள்ளும் பக்கிள் வைத்து ஈ.என். 1080 என்று தனித் தரமே ஐரோப்பாவில் இருக்கிறது.

சைக்கிளை ஓட்டும்போது பயமில்லை. ஏற்றி இறக்கும்போதுதான் இரண்டு தடவை சாய்ந்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

நீங்கள் கேட்டதுதான் கேள்வி. ஓடுகிற சைக்கிள் தன்னால் நிற்கும். நிற்கிற சைக்கிள் நிற்காது. குழந்தை உட்காரும் உயரம் பெரும்பாலும் உங்கள் இடுப்பளவு. அங்கிருந்து சாய்ந்தால், பெல்ட் போட்ட குழந்தையால் கையைக்கூட ஊன்ற முடியாது.

சைடு ஸ்டாண்டை மறந்துவிடுங்கள். 12 கிலோ அசையும் எடைக்கு அது செய்யப்படவில்லை. மண் தரையில் நுனி இறங்கிவிடும். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் இரண்டு கால் ஸ்டாண்டு வேண்டும். அதன் கால்கள் அகன்று, இரண்டும் தரையில் சமமாகப் படிய வேண்டும். ஒன்று வளைந்திருந்தால் பட்டறையில் நிமிர்த்தச் சொல்லுங்கள். அது போட்டிருந்தாலும் ஒரு கை ஹேண்டிலிலோ சீட்டிலோ இருக்கட்டும். கடையில் சில்லறை வாங்க, கேட்டைத் திறக்க, செல்போன் எடுக்க என்று கையை விடும் அந்த ஐந்து நொடியில்தான் சாயும். கேட்டைத் திறந்துவைத்துவிட்டுக் குழந்தையை ஏற்றுங்கள். பள்ளியில் முதலில் குழந்தை, பிறகு பை.

வரிசை இது: தரையில் நிற்கும்போதே ஹெல்மெட். பிறகு தூக்கி உட்காரவைத்து, முதலில் தோள், இடுப்புப் பெல்ட், அப்புறம் கால் பட்டை. இறக்கும்போது முதலில் கால் பட்டை, கடைசியில்தான் தோள் பெல்ட். மாற்றிச் செய்தால், கால் கட்டுண்டபடியே குழந்தை தலைகீழாகத் தொங்கும்.

நீங்கள் ஏறும் முறையும் மாற வேண்டும். இடது காலைப் பெடலில் வைத்து, தள்ளி, ஓட்டத்தில் வலது காலைப் பின்னால் வீசி ஏறுவது நம் ஊர் வழக்கம். பின்சீட் இருந்தால் அந்தக் கால் குழந்தையின் முகத்தில்தான் படும். சைக்கிளை உங்கள் பக்கம் சற்றுச் சாய்த்து, காலை முன்பக்கமாக பாருக்கு மேலே கொண்டுபோய் இரண்டு காலையும் ஊன்றி நின்று, பிறகு கிளம்புங்கள். பாரைத் தாண்ட முடியவில்லையென்றால் பெண்கள் சைக்கிளுக்கு மாறுங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. நீங்கள் உட்காரும் சீட்டின் உயரத்தையும் குறையுங்கள். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பட வேண்டும்.

குழந்தைக்கு முன் அரிசியை ஏற்றிப் பழகுங்கள். 10 கிலோ பை ஒன்று, 5 கிலோ பை ஒன்று, சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, வண்டி வராத தெருவில் கிளம்புதல், நிற்றல், திரும்புதல், திடீர் பிரேக். சாதாரணமாக நிற்கும் தூரத்தைவிட எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அரிசி அசையாது, குழந்தை அசையும். அதனால் அரிசியோடு சுலபமாக வந்தபிறகும் இரண்டு நாள் கூடுதலாகப் பழகலாம்.

பைக்கில் குழந்தைக்கு பெல்ட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம் என்கிறார்களே, சைக்கிளுக்கும் உண்டா?
– வாசகர், சேலம்

2022 பிப்ரவரியில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டு, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது அது. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பெல்ட், ஹெல்மெட், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பவை அதில் உண்டு. மோட்டார் வண்டிக்கான விதி; மிதிக்கும் சைக்கிளைக் கட்டுப்படுத்தாது. அந்த விதியே 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு, உரிய ஐரோப்பியத் தரத்திலான சைக்கிள் ஹெல்மெட் போதும் என்கிறது. கனமான பைக் ஹெல்மெட்டைச் சின்னக் கழுத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

பின்னால் உட்காரும் பையன் தூங்கிவிழுவதால், துண்டால் என் இடுப்போடு கட்டிக்கொள்கிறேன். சரிதானே?
– வாசகர், நாகப்பட்டினம்

இல்லை. சைக்கிள் சாய்ந்தால் நீங்கள் காலை ஊன்றித் தப்பப் பார்ப்பீர்கள். கட்டு அதை விடாது, பையனும் உங்கள் அடியில் விழுவான். துண்டின் நுனி அவிழ்ந்து சக்கரத்தில் போனால் இருவரையும் இழுக்கும். துப்பட்டாவுக்கும் முந்தானைக்கும் இதே பதில்தான், அவற்றை இடுப்பில் செருகிவிட்டுக் கிளம்புங்கள். பெல்ட் குழந்தையைச் சீட்டோடு கட்டட்டும், உங்களோடு அல்ல. தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, கால் நடுவே ஒன்று என்று ஐந்து இடம் பிடிக்கும் பெல்ட் தூங்கும் குழந்தையையும் நிறுத்தும். இடுப்பில் மட்டும் இருந்தால் அடியில் வழுக்கிப்போகும். தலை தொங்க ஆரம்பித்தால் நிறுத்தி எழுப்புங்கள், அல்லது இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

மூத்தவள் 6 வயது, 20 கிலோ. இளையவன் 3 வயது, 13 கிலோ. இரண்டு பேரும் ஒரே பள்ளி. இரண்டு பையும் உண்டு. எப்படி ஏற்றுவது?
– வாசகி, காரைக்குடி

முன்சீட்டில் இளையவன், பின்சீட்டில் மூத்தவள். கணக்குப் போடுங்கள்: 33 கிலோ பிள்ளைகள், 6 கிலோ சீட்டுகள், பைகள் 5 கிலோ என்றால் உங்கள் எடைக்கு மேல் 44 கிலோ. சைக்கிளோடு வந்த கையேட்டில் மொத்த எடை வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் முதலில் பின்சக்கர ஸ்போக்ஸ் அறும். ஜப்பானில் ஒரு சைக்கிளில் இரண்டு குழந்தைகளை ஏற்ற 2009-ல் அனுமதித்தபோதுகூட, அதற்கென்று கனமான ஃப்ரேமும் பிரேக்கும் உள்ள சைக்கிளுக்குத்தான் அனுமதித்தார்கள்.

ஏற்றும்போது மூத்தவள் முதலில், சின்னவன் கடைசியில். பின்எடை ஸ்டாண்டின் மேல் விழுவதால் சைக்கிள் உறுதியாக நிற்கும். முன்னால் முதலில் ஏற்றினால் ஹேண்டில் மடங்கும். இறக்கும்போது சின்னவன் முதலில்.

பைகளை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். ஆடி ஆடி முன்சக்கரத்தில் மாட்டினால் சைக்கிள் குப்புறப் போகும். குழந்தையின் முதுகிலும் வேண்டாம். பை முன்னே தள்ளுவதால் பெல்ட் இறுகாது. முன்கூடை இருந்தால் லேசான பை அதில், கனமானது உங்கள் முதுகில். முதுகுப்பை பின்சீட்டுக் குழந்தையின் முகத்தில் இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூத்தவள் 22 கிலோவைத் தொடும் நாள் தூரமில்லை. அதற்குள் தனிச் சைக்கிளில் பழக்கிவிடுவது நல்லது. ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கெட்டியான கேரியர், மெத்தை, பிடித்துக்கொள்ளக் கம்பி, இரண்டு பக்கமும் கால்படி, சக்கர மறைப்பு. கால் இரண்டு பக்கமும் போட்டுத்தான் உட்கார வேண்டும். ஒருபக்கமாக உட்கார்ந்தால் உங்கள் நிதானம் போகும்.

தினமும் சைக்கிளில் என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், வேலூர்

தினமும் மூன்று: இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்துங்கள், இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி முன்னே தள்ளுங்கள், குழந்தை சீட்டைப் பிடித்து ஆட்டுங்கள். சைக்கிள் முழுவதும் சேர்ந்து ஆட வேண்டும். சீட் மட்டும் ஆடினால் நட்டு தளர்ந்திருக்கிறது.

மாதம் ஒருமுறை பட்டறையில் சக்கரத்தின் கோட்டம் எடுத்து, தளர்ந்த ஸ்போக்ஸை இறுக்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் மேல்பக்கத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் 'டக் டக்' என்று கேட்டால் ஆக்சிலில் பேரிங்கைப் பிடித்திருக்கும் கோன் தளர்ந்திருக்கும். பிரேக் கட்டையில் கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றுங்கள். கம்பி பிரேக் உள்ள பழைய சைக்கிள் மழையில் உடனே நிற்காது. இரண்டு முறை லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துவிட்டு அப்புறம் அழுத்த வேண்டும். வேகத்தடையில் நீங்கள் எழுந்து நின்று அடியைத் தவிர்ப்பீர்கள். பின்னால் இருப்பவனுக்கு அந்த வசதி இல்லை, சக்கரத்தின் அடி நேராக முதுகில் ஏறும். நடை வேகத்தில் தாண்டுங்கள்.

வெயிலில் நின்ற சைக்கிளென்றால் பக்கிளையும் சீட்டையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்காரவையுங்கள். பழைய சீட் வாங்கினால் பிளாஸ்டிக் வெளுத்து மாவு உதிர்கிறதா, வளைத்தால் கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். ஒருமுறை விழுந்து அடிபட்ட சீட்டும் ஹெல்மெட்டும் யாருக்கும் கொடுக்கத் தகுந்தவை அல்ல.

கால் மாட்டியே விட்டால்?
– வாசகி, விழுப்புரம்

இழுக்காதீர்கள், சக்கரத்தை முன்னேயும் பின்னேயும் சுற்றாதீர்கள். சைக்கிள் அசையாமல் ஒருவர் பிடிக்க, குழந்தையை இன்னொருவர் தாங்க, பக்கத்துப் பட்டறையிலிருந்து கட்டிங் பிளையர் வாங்கி அந்த இரண்டு மூன்று ஸ்போக்ஸை நறுக்குங்கள். வெட்டும்போது கம்பி தெறிக்கும், துணியால் மூடிக்கொள்ளுங்கள். காலை எடுத்ததும் ஓடும் சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் அழுத்திக் கட்டுங்கள். காப்பித் தூள், மஞ்சள், கிரீஸ் எதுவும் வேண்டாம். ஊன்றி நடக்கச் சொல்லாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எக்ஸ்ரேயும் தடுப்பூசியும் டாக்டர் முடிவு செய்வார்.

காயம் சின்னதாகத் தெரிந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளத் தோன்றும். இது வெட்டுக்காயம் மட்டுமல்ல, நசுங்கிய காயம். அடியில் ரத்த ஓட்டம் கெட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தோல் கறுக்கும். முதல் நாள் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டாலும், மூன்றாம் நாள் திரும்பக் காட்டுங்கள்.